வீட்டில் ஆளாளுக்கு ஒரு பித்து, அதுவும் சில மாதங்களுக்கு ஒன்று: எப்படிச் சேர்ந்து வாழ்கிறீர்கள்?

கேள்வி கேட்டவர் வீட்டு நிலவரம் இது: கணவர் முதலில் கேமரா வாங்கினார், அப்புறம் டெலஸ்கோப், இப்போது புல்லாங்குழல். மகனுக்குச் சதுரங்கம் போய் ஓரிகாமி வந்திருக்கிறது. எதுவும் நிலைக்கவில்லை, பரணில் இடமில்லை. திட்டினால் சண்டை, விட்டால் செலவு, என்ன செய்வது என்கிறார்.

எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் எந்தப் பித்தும் இல்லாதவள். மாமனார், கணவர், மகள் மூன்று பேருக்கும் உண்டு. கல்யாணமாகி வந்ததிலிருந்து இதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். நான் கண்டுகொண்டது இதுதான்: பொருள்தான் மாறுகிறது, அதற்கடியில் இருக்கும் ருசி அப்படியே இருக்கிறது. அது என்னவென்று பிடிபட்டுவிட்டால் எதற்குக் காசு கொடுக்கலாம், எது எப்போது முடியும், முடிந்தபின் எது வீட்டில் தங்கலாம் என்பதெல்லாம் ஓரளவுக்குத் தெரிந்துவிடும்.

மாமனாரிலிருந்து தொடங்குகிறேன். அவருக்குச் சிற்றலை (ஷார்ட்வேவ்) வானொலி. இலங்கை வானொலி, பிபிசி தமிழோசை, பிலிப்பைன்ஸிலிருந்து வரும் வெரித்தாஸ் வானொலி, சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு என்று எல்லாவற்றுக்கும் நேரம் வைத்துக் கேட்பார். வெறுமனே கேட்பது மட்டுமில்லை. எந்த அலைவரிசையில், எத்தனை மணிக்கு, எப்படிக் கேட்டது என்று நோட்டில் எழுதி அந்த நிலையத்துக்கு அனுப்புவார். அதற்கு சின்போ என்று ஒரு கணக்கு இருக்கிறது. சிக்னலின் பலம், குறுக்கீடு, இரைச்சல், அலை ஏறி இறங்குவது, மொத்தத் தரம் ஆகிய ஐந்துக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண். 45444 என்று எழுதினால் நன்றாகக் கேட்டது என்று அர்த்தம். பதிலுக்கு நிலையத்திலிருந்து ஒரு படம் போட்ட அட்டை வரும். க்யூஎஸ்எல் அட்டை என்பார்கள். அந்த அட்டைகளுக்காகவே அவர் தபால்காரரை வாசலில் எதிர்பார்த்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இதில் எனக்கிருந்த தொல்லை விளக்கு. எல்இடி பல்பும் செல்போன் சார்ஜரும் சிற்றலையில் கரகரவென்று இரைச்சல் கிளப்பும். ராத்திரி 31 மீட்டர், 41 மீட்டர் அலைவரிசைகள் பக்கம் எதையாவது தேடிக்கொண்டிருக்கும்போது, “அம்மா, அந்த லைட்டைக் கொஞ்சம் அணைச்சிடும்மா, ஆள் பேசறது கேக்குது” என்பார். நான் அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில் அடுப்படிக்குப் பழைய குண்டு பல்பு ஒன்றை மாட்டினோம். அதில் அந்த இரைச்சல் வராது. அவருக்கும் கேட்டது, எனக்கும் வெளிச்சம் இருந்தது. இந்த மாதிரிச் சின்ன ஏற்பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், அவர் என்ன செய்கிறார், எது அவருக்கு இடைஞ்சல் என்று கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். எனக்கு வானொலியில் ஆர்வம் வரவே இல்லை. தெரிந்து வைத்திருந்தேன், அது போதும்.

1941-ல் தொடங்கிய தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றது. மற்ற நிலையங்களும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மாமனார் ரேடியோவைத் துடைத்து உறை போட்டு வைத்துவிட்டார். கொஞ்ச நாள் ஒன்றும் ஓடாமல் இருந்தார். அதன்பின் பறவை பார்க்க ஆரம்பித்தார். ரேடியோவுக்கும் பறவைக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம். எனக்கு அந்த நோட்டைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. தேதி, நேரம், இடம், எத்தனை, எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது என்று அதே கையெழுத்து, அதே கட்டங்கள். தூரத்திலிருந்து வரும் ஒன்றைக் காத்திருந்து பிடிக்க வேண்டும், அதைப் பதிவு செய்து ஓர் இடத்துக்கு அனுப்ப வேண்டும். அவருக்கு வேண்டியது அதுதான்.

ஐப்பசி வாக்கில் இமயத்தின் அடிவாரத்திலிருந்து ஆறுமணிக்குருவி தெற்கே வரும். சென்னைக்கு வந்துசேரும் சில குருவிகள் களைத்துப்போய் யார் வீட்டுத் தோட்டத்திலாவது விழுந்து கிடப்பதும் உண்டு. பச்சையும் நீலமும், வாலடியில் சிவப்புமாக அவ்வளவு அழகான பறவை. காலையிலும் மாலையிலும் ஆறு மணியை ஒட்டிக் கத்துவதால் அந்தப் பெயர். அது வந்துவிட்டதா என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். குளிர்காலத்தில் ஒரு நாளாவது பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குக் கூட்டிப்போகச் சொல்வார். 2015-லிருந்து பொங்கலை ஒட்டித் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓர் இடத்தில் பதினைந்து நிமிடமாவது நின்று, கண்ணில் பட்டதையெல்லாம் இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிந்தால் போதும். காக்கையும் மைனாவும்கூடக் கணக்கில் வரும். பொங்கலன்று பானை பொங்கும் நேரத்தில் மனிதர் மொட்டைமாடியில் இருப்பார். இதைத் தெரிந்துகொண்டு கணக்கெடுப்பை முடித்துவிட்டு வந்தபின் பானை வைக்கிறோம்.

அடுத்தது கணவர். இவர்தான் கடினம், ஏனென்றால் இவருடையது எல்லாமே உயிருள்ளவை.

மீன் தொட்டியில் ஆரம்பித்தது. சென்னையில் வண்ணமீன் என்றால் கொளத்தூர்தான். தெருத்தெருவாகக் கடைகளும் பண்ணைகளும் இருக்கும் இடம். அங்கே போய் வந்தவர் மீன் வாங்காமல் வெறும் தொட்டியோடு வந்தார். தண்ணீரை ஊற்றி, ஃபில்டரை ஓடவிட்டு, மீனே இல்லாத தொட்டியை வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். காரணம் கேட்டபோதுதான் அந்த விஷயம் தெரிந்தது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கே விஷம். அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும், அதை மீன் ஓரளவு தாங்கும். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். இது தெரியாமல் வாங்கிய அன்றே மீனைப் போடுவதால்தான் பல வீடுகளில் முதல் மாதமே மீன் செத்து மிதக்கிறது, தொட்டி பரணுக்குப் போகிறது.

தினமும் சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, மஞ்சளா பச்சையா என்று அட்டையோடு வைத்துப் பார்ப்பார். எங்கள் போர் தண்ணீர் உப்பு. கப்பி, மோலி மாதிரி மீன்களுக்கு அது பரவாயில்லை. இவருக்கோ நியான் டெட்ரா என்ற மீன் வேண்டும், அதற்கு மென்மையான தண்ணீர் வேண்டும். ஆர்ஓ தண்ணீரைக் கலந்து, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வைத்து அளந்து அளந்து சரிசெய்தார். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், டெட்ராக்கள் கூட்டமாகச் சுற்ற ஆரம்பித்தன. எங்கள் வீட்டிலேயே அழகான இடம் அதுதான் என்று நான் சொன்ன சமயத்தில் அவருக்கு ஆர்வம் போய்விட்டது.

இதை நான் ரொம்ப யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஊரார் சொல்வதுபோல அவர் பாதியில் விட்டவரில்லை. சரியாகாத ஒன்றை அளந்து பார்த்துச் சரியாக்குவதில்தான் அவருக்கு உயிர். சரியானபின் அங்கே அவருக்கு வேலை இல்லை. மீனுக்கோ அதன்பிறகுதான் வாழ்க்கையே ஆரம்பிக்கிறது. வாராவாரம் கால்வாசித் தண்ணீர் மாற்ற வேண்டும், ஃபில்டரைத் தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டும், இரை போட வேண்டும். அந்த வாளிகளைத் தூக்குவது யார்? பெரும்பாலான வீடுகளில் கேட்காமலேயே அது அம்மா தலையில் வந்து விழும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. “உயிர் இருக்கற எதையும் நீங்க விட்டுட்டா அது தானா என்னுதாகாது. ஞாயித்துக்கிழமை நீங்க தண்ணி மாத்துங்க, இல்லன்னா அதுக்கு ஒரு நல்ல வீடு பாத்துக் குடுங்க” என்று நேராகச் சொல்லிவிட்டேன். சில மாதம் மாற்றினார். அப்புறம் அலுவலகத்தில் ஒருவர் ஆசையாகக் கேட்க, தொட்டியோடு, ஃபில்டரோடு, சோதனைக் குழாயோடு கொடுத்தார். ஓடிக்கொண்டிருக்கும் ஃபில்டரோடு கொடுத்ததால் பாக்டீரியாவும் கூடவே போனது, மீன்கள் பிழைத்தன.

ஒன்று மட்டும் மிஞ்சியது. டேங்க் கிளீனர் என்று கடையில் விரல் நீளத்தில் தரும் சக்கர் மீன். அது ஓர் அடிக்கு மேல் வளரும், யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. ஏரியில் விட்டுவிடலாமே, புண்ணியம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது தென் அமெரிக்க மீன். நம் நீர்நிலைகளில் விட்டால் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடிக்கிறது. அதன் முள் மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. வாங்கிய கடையிலேயே பேசித் திருப்பிக் கொடுத்தோம். காசு கேட்கவில்லை, எடுத்துக்கொண்டால் போதும் என்று சொன்னோம்.

அடுத்து மாடித்தோட்டம். தேங்காய் நார்க்கழிவு, வேப்பம்புண்ணாக்கு, ஆடிப்பட்டத்துக்கு விதை, மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல், லிட்டருக்கு முப்பது மில்லி பஞ்சகவ்யம் என்று மறுபடியும் அளவுகள். மீன் கழிவும் வெல்லமும் சம எடைக்குப் போட்டு ஊறவைக்கும் மீன் அமிலத்தை மட்டும் மாடியில் மூலையில் வைக்கச் சொன்னேன். பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும் என்பதும் என் நிபந்தனை, தளத்தில் தண்ணீர் தேங்கினால் ஒழுகும். தக்காளி நன்றாகக் காய்க்க ஆரம்பித்ததும் வழக்கப்படி ஆள் விலகினார். ஆனால் இந்த முறை நான் முன்னாலேயே தயாராக இருந்தேன். கறிவேப்பிலை, பிரண்டை, தூதுவளை என்று தினமும் பார்க்காவிட்டாலும் நிற்கிற செடிகளை நடும்போதே சொல்லி வாங்கி வைத்திருந்தேன். அவை இப்போதும் நிற்கின்றன, நான் விரும்பித்தான் தண்ணீர் விடுகிறேன். இப்போது வாணலியில் காபிக்கொட்டை வறுக்கிறார். பீபெரி என்ற உருண்டைக் கொட்டை எவ்வளவு, சிக்கரி எவ்வளவு, முதல் வெடிப்புச் சத்தம் எப்போது என்று நோட்டு போடுகிறார். புகை அதிகம், ஜன்னலைத் திறந்து வைக்கிறோம். உயிர் சம்பந்தப்படாத பித்து என்பதில் எனக்கு நிம்மதி.

மகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரூபிக் கனசதுரம் வந்தது. வெள்ளைச் சிலுவை, அப்புறம் இரண்டு அடுக்கு, மேல் முகத்தை ஒரே நிறமாக்க ஓஎல்எல் என்று 57, அந்த அடுக்கின் துண்டுகளை அதனதன் இடத்தில் சேர்க்க பிஎல்எல் என்று 21, இப்படித் திருப்பும் வரிசைகளை விரலில் ஏற்றிக்கொண்டாள். சாப்பாட்டு மேசையிலும் சடசடவென்று சத்தம்தான். நிமிடத்துக்குள் முடிக்க வந்ததும் கொஞ்ச நாளில் அதை மூடி வைத்தாள். மார்கழி வந்தபோது சிக்குக்கோலத்தில் இறங்கினாள். புள்ளிகளைச் சுற்றிக் கோடு எங்கே வளைந்து எங்கே சேர வேண்டும் என்பதைக் கை தானாகப் போடும்வரை விடவில்லை. கனசதுரத்தில் விரல் கற்றது வீணாகவில்லை என்று அங்கே கண்ணால் பார்த்தேன். இதற்கிடையில் பச்சைக்கிளி வளர்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் அடைத்து வளர்க்கக் கூடாது என்று சொன்னேன். தாத்தாவோடு மாடியில் உட்கார்ந்தால் சாயங்காலம் கூட்டமாகவே பறந்து போகும் என்றேன். இப்போது இருவரும் சேர்ந்து கிளிகளை எண்ணுகிறார்கள்.

குழந்தைகளிடம் சொல்லவே கூடாத ஒரு வாக்கியம் உண்டு: “இதையும் நாலு நாள்ல விட்டுடப் போறே.” அதைக் கேட்டு வளரும் பிள்ளை ஆசைப்படுவதையே மறைக்க ஆரம்பிக்கும். அதற்குப் பதிலாக, “இதுல உனக்கு எது வரமாட்டேங்குது?” என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்களிடமும் இதே கேள்விதான். பதிலைக் கவனமாகக் கேட்டால் அடியில் இருக்கும் ருசி அதில் வெளியே வந்துவிடும். அதற்காக ராத்திரி பதினோரு மணிக்குப் புல்லாங்குழலைப் பற்றி மணிக்கணக்கில் கேட்க வேண்டியதில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறை முழுசாகக் கேளுங்கள், மற்ற நேரத்தில் தூக்கம் வருகிறது என்று சொல்லிவிடலாம்.

செலவுக்கு எங்கள் வீட்டு வழக்கம், முதல் சாமான் பழையதாகத்தான் இருக்க வேண்டும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைக்காதது குறைவு. அதை வைத்துக் கற்றுக்கொண்டு, இதனால் முடியவில்லை, இன்ன குறை இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தால் நல்லது வாங்கலாம். விடுவதென்றால் சாமான் புதுசாக இருக்கும்போதே கைமாற்றிவிட வேண்டும், பரணில் ஏறினால் கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.

உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்த்தால் கேமரா, டெலஸ்கோப், புல்லாங்குழல் மூன்றிலும் பொறுமையாக ஒன்றைத் துல்லியத்துக்குக் கொண்டுவரும் வேலை இருக்கிறது. உங்கள் கணவருக்குப் பிடித்தது அதுதானா என்று கேட்டுப் பாருங்கள், அவரே யோசித்திருக்க மாட்டார். டெலஸ்கோப்பை மட்டும் பரணில் விடாதீர்கள். சிலிகா ஜெல் பொட்டலங்களோடு மூடி வையுங்கள், கண்ணாடியைத் துணியால் தேய்க்க வேண்டாம். பக்கத்து அரசுப் பள்ளியின் அறிவியல் ஆசிரியரிடமோ தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் உள்ளூர்க் கிளையிலோ கேட்டால், பிள்ளைகளுக்கு நிலாக் குழிகளையும் வியாழனின் துணைக்கோள்களையும் காட்ட வாங்கிக்கொள்வார்கள். கொடுக்கும் அன்று உங்கள் கணவரையே கூட அனுப்புங்கள். அதை எப்படித் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்று அங்கே அவருக்குத்தான் தெரியும்.