கடிகாரக்காரரிடம் கேளுங்கள்

(கும்பகோணத்தில் 43 ஆண்டுகள் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயில் மதிலில் இருக்கும் சூரியக் கடிகாரத்தைப் பார்க்கப் பேரனோடு தை மாதக் கடைசியில் போயிருந்தேன். செல்பேசியைவிட 25 நிமிடத்துக்கு மேல் பின்தங்கி இருந்தது. சோழர் காலத்தது என்கிறார்கள். இவ்வளவு தப்பாகவா நேரம் காட்டும்?
– வாசகி, வலங்கைமான்

தப்பு மதிலில்தான் என்று எப்படி அம்மா முடிவுகட்டினீர்கள்? செல்பேசியை ஏன் சந்தேகப்படவில்லை?

செல்பேசி காட்டுவது நம் ஊர் நேரமே அல்ல. உத்தரப் பிரதேசத்தில் மிர்சாப்பூர் அருகே போகிற 82.5 டிகிரி தீர்க்கரேகையின் நேரம். நாம் இருப்பது ஏறக்குறைய 79.4 டிகிரியில். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். ஆக, அங்கே உச்சிக்கு வந்த சூரியன் நமக்கு உச்சிக்கு வர இன்னும் 12 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். நாட்டுக்கெல்லாம் ஒரே நேரம் என்று 1906-இல்தான் வைத்தார்கள். அதற்கு முன் ரயில்களுக்குச் சென்னை நேரம். அதற்கும் நமக்கும் மூன்று நிமிடம்தான் வித்தியாசம். அதைப் பொருட்படுத்தியவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

மீதி 14 நிமிடம் பூமியின் சேட்டை. அது சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் அல்ல, அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் இன்றைய உச்சிப்பொழுதுக்கும் நாளைய உச்சிப்பொழுதுக்கும் இடையே சரியாக 24 மணி நேரம் இருப்பதில்லை. சில வினாடிகள் கூடும், குறையும். சிறுவாட்டுக் காசு போல அவை சேர்ந்து, பிப்ரவரி நடுவில் சூரியன் 14 நிமிடம் தாமதமாகிவிடுகிறது. நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்திக்கொள்கிறது. நீங்கள் போனது தாமதம் உச்சத்தில் இருக்கும் வாரம். மொத்தம் 26 நிமிடம், அதாவது ஒரு நாழிகைக்குச் சற்று மேல். புரட்டாசி நான்காம் வாரத்திலோ கார்த்திகை இரண்டாம் வாரத்திலோ போய்ப் பாருங்கள். மதிலும் செல்பேசியும் ஒத்துப்போகும். வெயில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த மாதங்களில் நம் பக்கத்தில் அதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

கடையை மூடிய பிறகு பொழுது போகாமல் இதை நானே சோதித்தேன். மொட்டை மாடியில் ஒரு கம்பியைச் செங்குத்தாக நட்டு, தினமும் செல்பேசியில் 12 அடிக்கும்போது அதன் நிழல் நுனியில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி. தையில் தொடங்கி மறு தை வரை. புள்ளிகள் ஒரே கோட்டில் வரும் என்று எதிர்பார்த்திருந்த என் மருமகளுக்கு, ஒல்லியாக நீண்ட ஓர் 8 கிடைத்தது. சித்திரைப் பக்கம் மட்டும் அந்த எட்டில் பெரிய ஓட்டை. அந்த இடத்தில் என் மனைவி வடாம் பிழிந்திருந்தாள்.

எங்கள் மளிகைக் கடைச் சுவர்க்கடிகாரத்தில் வினாடி முள் 9-க்குப் பக்கத்தில் வந்து, மேலே போகாமல் அங்கேயே துடித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஏன் அதே இடம்?
– வாசகர், மன்னார்குடி

பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது. மாற்றுங்கள்.

ஏன் அதே இடம் என்பது நல்ல கேள்வி. 12-லிருந்து 6 வரை முள்ளுக்கு இறக்கம். அதன் எடையே அதைத் தள்ளிவிடும். 6 தாண்டினால் ஏற்றம். 9-இல் முள் படுக்கைவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் வாளியைத் தொங்கவிட்டுத் தூக்குங்கள், பிறகு கையைப் பக்கவாட்டில் நீட்டித் தூக்கிப் பாருங்கள், புரியும். உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்ந்து சரியாகத்தான் கணக்கு வைத்திருக்கிறது. முள்ளைத் தூக்கத்தான் தெம்பு இல்லை. ஒருவர் இதே கோளாறோடு வந்தார். வாஸ்து சரியில்லை என்று கடிகாரத்தை ஏற்கெனவே மூன்று சுவர்களில் மாற்றி மாட்டிப் பார்த்திருந்தார். பேட்டரிக்கு மட்டும் காசு வாங்கினேன். அவர் நம்பாமல் அரை மணி நேரம் கடையிலேயே நின்று முள் 9-ஐத் தாண்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

மேட்டூரில் 12,000 கன அடி திறப்பு என்று செய்தியில் சொல்கிறார்களே, அது எவ்வளவு தண்ணீர்?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

இந்தச் செய்தியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். 12,000 கன அடி என்பது ஒரு நடுத்தரக் குளத்தைக்கூட நிரப்பாது. ‘வினாடிக்கு’ என்ற சொல்லை விழுங்கிவிட்டுப் படிக்கிறார்கள். நேரத்தை விட்டுவிட்டால் கடிகாரக்காரனுக்குக் கோபம் வராதா?

ஒரு கன அடி 28.3 லிட்டர். நம் வீட்டு பிளாஸ்டிக் குடத்தில் இரண்டு குடம். அப்படியானால் வினாடிக்கு 24,000 குடம். ஒரு நாள் முழுக்க இப்படியே விட்டால் ஒரு டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேல். டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. மேட்டூர் அணை 120 அடி நிரம்பினால் 93.47 டி.எம்.சி. வரத்தே இல்லாமல் கடைசிச் சொட்டுவரை திறந்துவிட முடியும் என்று வைத்துக்கொண்டாலும் 90 நாளில் காலி. குறுவை நெல்லுக்கோ 100 நாளுக்கு மேல் வயது. ஆனி, ஆடியில் டீக்கடைக்கு டீக்கடை ‘குடகில் மழையா?’ என்று விசாரிப்பது சும்மா இல்லை.

திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள் ஆகும். அங்கிருந்து கடைமடைக்கு எத்தனை நாள் என்பதை என்னைவிட நீங்கள்தான் நன்றாக அறிவீர்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது உண்மையா?
– கல்லூரி மாணவி, திருவையாறு

பொய். காலை எட்டு மணிக்குப் போய் நில்லுங்கள். மேற்கே நீண்டு கிடக்கும் நிழலிலேயே நிற்கலாம்.

வதந்திக்கு ஒரு வேர் இருக்கிறது. ஏப்ரல் 18 வாக்கிலும் ஆகஸ்ட் 24 வாக்கிலும் தஞ்சையில் உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அப்போது செங்குத்தாக நட்ட கம்பிக்கே நிழல் இல்லை. விமானமோ கீழே அகன்று மேலே குறுகுவது. அந்த நாள்களை ஒட்டியும் நண்பகலில் அதன் நிழல் அதன் மேலேயே விழுந்து அடங்கிவிடும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், நண்பகலிலேயே வடக்குப் பக்கத் தரையில் நிழலைப் பார்க்கலாம். 1010-இல் அதைக் கட்டி முடித்தவர்களின் பெருமைக்கு இந்தக் கதை தேவையே இல்லை. வழிகாட்டி ஒருவரிடம் இதைச் சொன்னேன். “சொன்னால்தான் சார் ஆச்சரியப்படுகிறார்கள்” என்றார். அவர் நின்றுகொண்டிருந்தது விமானத்தின் நிழலில்.

உங்கள் வீட்டுக் கடிகாரம் சரியான நேரம் காட்டுமா?
– குறும்புக்கார வாசகர், பாபநாசம்

காட்டாது. கூடத்தில் இருப்பது என் தாத்தா வாங்கிய சாவி கொடுக்கும் பெண்டுலம் கடிகாரம். சித்திரை வெயிலில் பெண்டுலத்தின் இரும்புத் தண்டு மயிரிழை நீளும்; பத்து டிகிரி கூடினால் நாளுக்கு 5 வினாடி பின்தங்கும். குண்டுக்குக் கீழே உள்ள திருகை லேசாக ஏற்றி அதை நான் சரிசெய்துவிடுவேன். சமையலறைக் கடிகாரத்தில்தான் என் அதிகாரம் செல்லாது. அதை என் மனைவி 15 நிமிடம் முந்தி வைத்திருக்கிறாள். அவளுக்குக் கழித்துப் பார்க்கத் தெரியும், எனக்கும் தெரியும். வருகிற விருந்தாளிகளுக்குத் தெரியாது. “அடடா, பஸ் போய்விடும்” என்று எழுந்துவிடுகிறார்கள்.