மேற்கின் பலம் குறைந்தால் திருகோணமலைக்கு என்ன?

மதிப்புக்குரிய ஐயா,

மேற்கு நாடுகளின் செல்வாக்குச் சரிவது பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நீங்கள் ஏன் கவலையோடு எழுதியிருக்கிறீர்கள் என்று விளங்கவில்லை. கோணேசர் கோயிலை இடித்தவர்களும், எங்கள் துறைமுகத்துக்காக அடிபட்டவர்களும் அவர்கள்தானே? இன்று அமெரிக்கா தன் நட்பு நாடுகளுக்கே வரி போடுகிறது. ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைகள் பேரவையிலிருந்தும் விலகிவிட்டது. இந்தியாவும் சீனாவும் எழுவது எங்களைப் போன்ற சிறிய மக்களுக்கு நல்லதுதானே?

– ஒரு மாணவர், உப்புவெளி

அன்புள்ள தம்பி,

உங்கள் கோபம் நியாயமானது. 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டைக்குப் போட்டார்கள். 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் இந்த ஊரைப் பிடித்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். இங்கு வாழ்ந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனால் எல்லாமே ஒரே வேகத்தில் சரியவில்லை. பிரித்தானியக் கடற்படை 1957இலேயே போய்விட்டது. பணத்தின் பிடி போகவில்லை. 2022 ஏப்ரலில் இலங்கை கடன் கட்டுவதை நிறுத்தியபோது, டொலர் பிணைமுறிகள் (கடன் பத்திரங்கள்) நியூயோர்க் சட்டத்துக்கு உட்பட்டவை என்பதால் வழக்கும் அங்கேதான் போடப்பட்டது. அதேநேரம், முன்பு பாரிஸ் கிளப்பே (கடன் கொடுத்த, பெரும்பாலும் மேற்கு நாடுகளின் கூட்டம்) பெரும்பாலும் முடித்துவைக்கும் கடன் பேச்சில் இம்முறை பிரான்ஸ், ஜப்பானோடு இந்தியாவும் இணைத்தலைமை வகித்தது. சீனாவின் அரச வங்கியான எக்சிம் வங்கி தனியாகப் பேசியது. மாற்றம் உண்மைதான், ஆனால் பாதி வழியில்தான் நிற்கிறது.

என் கவலை ஜெனீவா பற்றியது. அங்கே மேற்கின் சொல் எப்போதும் எடுபட்டதில்லை. 2009 மே மாதக் கடைசியில், முள்ளிவாய்க்கால் முடிந்து சில நாட்களில், ஐரோப்பிய நாடுகள் விசாரணை கேட்டுப் பார்த்தன. நடக்கவில்லை. இலங்கைக்குச் சாதகமான தீர்மானமே 29க்கு 12 என்று நிறைவேறியது. இந்தியா, சீனா, ரஷ்யா, கியூபா, பாகிஸ்தான் எல்லாம் அந்த 29க்குள் இருந்தன. ஆதாரங்களைச் சேகரிக்க வழிசெய்த 2021 தீர்மானம் 22 வாக்குகளால் வென்றபோதும் சீனா எதிர்த்தது. இந்தியா எந்தப் பக்கமும் வாக்களிக்கவில்லை.

மேற்கு எங்களைக் காப்பாற்றியது என்று நான் சொல்லவரவில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் மூதூரில், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் ஊழியர்கள் 17 பேர் அலுவலக வளவுக்குள்ளேயே சுடப்பட்டார்கள். இந்த வழக்குகளைக் கண்காணிக்க வந்த சர்வதேச முக்கியஸ்தர் குழு, விசாரணை சர்வதேசத் தரத்தில் இல்லை என்று சொல்லிவிட்டு 2008இல் போய்விட்டது. மாணவர் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். அன்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் இன்றைவிடப் பலமாகத்தான் இருந்தன. அந்தப் பெற்றோருக்கு அந்தப் பலத்தால் என்ன கிடைத்தது?

கிடைத்தது ஒன்றே ஒன்று: ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் சேர்த்து வைத்திருக்கும் ஆதாரங்கள். சாட்சிகள் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கும்போது அது சிறிய விடயம் இல்லை. அமெரிக்கா ஐ.நா.வுக்குக் கட்டவேண்டிய பணத்தைக் கட்டாமல் இழுத்தடித்தால், ஆளும் காசும் குறைந்து அந்த வேலையும் மெலியும். நீங்கள் சந்தோசப்படும் சரிவுக்குள் இதுவும் அடங்கும், தம்பி.

சரி, எழுகிறவர்கள் எங்கள் ஊரில் எதைப் பார்க்கிறார்கள்? சீனக்குடாவின் 99 எண்ணெய்க் குதங்களில் 61 குதங்கள் 2022 ஜனவரி ஒப்பந்தப்படி இலங்கை–இந்தியக் கூட்டு நிறுவனத்துக்குப் போயின. 2025 ஏப்ரலில், திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வில் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்தது. 2006இல் ஷெல் வீச்சுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிய சம்பூர் மக்கள் திரும்பிவர ஆண்டுகள் எடுத்தன. அதற்குள் அங்கே இந்தியாவின் அனல்மின் நிலையத்துக்கு இடம் ஒதுக்கியாயிற்று. 2016இல் அது கைவிடப்பட்டது, இப்போது சூரிய மின்சாரம் வருகிறது. புகையைவிட அது எவ்வளவோ நல்லது, நான் எதிர்க்கவில்லை. ஆனால் இந்தத் திட்டங்கள் பேசப்படும் எந்த மேசையிலும் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய பேச்சு வருவதில்லை.

ஆதாரம் சேர்க்கும் ஆணை 2025 ஒக்டோபரில் வாக்கெடுப்பு இல்லாமலே இன்னும் இரண்டு வருடத்துக்கு நீடிக்கப்பட்டது. 2027இல் அது மறுபடி பேரவைக்கு வரும். 2026 முதல் 2028 வரை இந்தியா அங்கே உறுப்பு நாடு. அன்றைக்கும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் போகிறதா என்று புதுடில்லியிடம் இப்போதே கேட்கத் தொடங்கும்படி எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எழுதுங்கள். நானும் எழுதுகிறேன்.