சீக்ரெட் ஆய்ஸ்டர்: எங்கிருந்து தொடங்குவது?

அன்புள்ள ஐயா,

மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் குழுவை விரும்பிக் கேட்பவன் நான். டென்மார்க்கின் சீக்ரெட் ஆய்ஸ்டர் குழுவும் அப்படித்தான் என்று நண்பர் அவர்களின் முதல் ஆல்பத்தைத் தந்தார். பிடிபடவில்லை. ‘ஃபர்ட்டிவ் பேர்ல்’ என்ற இன்னொன்றை வாங்கலாமா?

ச.

அன்புள்ள ச.,

வாங்க வேண்டாம். உங்களிடம் இருக்கும் 1973 ஆல்பத்துக்கு அமெரிக்காவில் வைத்த பெயர்தான் அது.

மகாவிஷ்ணுவை மனதில் வைத்துக் கேட்டால் இவர்கள் பிடிபடமாட்டார்கள். அங்கே கிதார் முன்னால் பாயும். இங்கே மெட்டு கார்ஸ்டன் வோகலின் சாக்ஸஃபோனில் இருக்கிறது. கென்னத் க்னுட்சனின் எலெக்ட்ரிக் பியானோ அதற்குத் தளம் போடும். கிளாவுஸ் போலிங்கின் கிதார் பெரும்பாலும் அதன் பிறகுதான் நுழைகிறது.

1972இல் கோபன்ஹேகனில் வெவ்வேறு குழுக்களிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் இவர்கள். வோகல் பர்னின் ரெட் ஐவன்ஹோவிலிருந்து, போலிங் ஹர்டி கர்டியிலிருந்து, க்னுட்சன் கொரோனாரியாஸ் டான்ஸ் என்ற ஜாஸ் மூவர் குழுவிலிருந்து. முதல் ஆல்பத்தில் ஒட்டு இன்னும் தெரிகிறது. டிரம்ஸில் ஐவன்ஹோவின் போ த்ரீகெ ஆண்டர்சன், பேஸில் ஜாஸ்காரர் மட்ஸ் விண்டிங். அதாவது ராக் டிரம்ஸ், ஜாஸ் பேஸ். 1974இன் ‘சீ சன்’ ஆல்பத்தில் இது தலைகீழாகிவிட்டது. ஐவன்ஹோவின் யெஸ் ஸ்டேர் பேஸுக்கும், கொரோனாரியாஸ் டான்ஸின் ஓலே ஸ்ட்ரீன்பெர்க் டிரம்ஸுக்கும் வந்தார்கள். பேஸ் ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு நிற்க, டிரம்ஸ் விருப்பம்போல் அலைகிறது. குழு தன் குரலைக் கண்டது இந்த மாற்றத்தில்தான் என்பது என் உறுதியான கருத்து.

அதனால் ‘சீ சன்’னில் தொடங்குங்கள். முதல் முறை பேஸை மட்டும் பின்தொடருங்கள், அடுத்த முறை டிரம்ஸை. ஹெட்ஃபோன் அவசியம். ஃபோன் ஸ்பீக்கரில் ஸ்டேரின் கீழ்ஸ்தாயி காணாமல் போய்விடும், மிஞ்சுவது சாக்ஸஃபோன் மட்டும்தான்.

அடுத்தது 1975இன் ‘விடுண்டர்லிகெ கெல்லிங்’. பாலே நடனத்துக்காக எழுதியது என்பதால் துண்டுகள் சிறியவை, நீண்ட தனி ஆவர்த்தனங்களுக்கு இடமில்லை. போலிங் சிதாரும் வாசிக்கிறார். அவர்களின் மிக அழகான மெட்டுகள் இதில்தான் இருக்கின்றன. பிறகு முதல் ஆல்பத்துக்குத் திரும்புங்கள். 1976இன் ‘ஸ்ட்ரெய்ட் டு தி கிராங்கன்ஹவுஸ்’ கடைசியில் போதும். அதில் ஃபங்க் என்ற துள்ளல் தாள இசை கூடியிருக்கிறது. அதன்பின் குழு கலைந்து, 2007இல்தான் மீண்டும் மேடையேறியது.

நான்கும் பிடித்துப்போனால், கொரோனாரியாஸ் டான்ஸின் 1971 ஆல்பமான ‘பிரீத்’தைத் தேடுங்கள். க்னுட்சனும் ஸ்ட்ரீன்பெர்க்கும் சாக்ஸஃபோனின் துணையில்லாமல் வாசிப்பதை அதில் கேட்கலாம்.