டிக்கெட்டில் இருக்கும் நேரம் வேறு, பறக்கும் நேரம் வேறு

கேள்வி: சென்னையில் இரவு 11.15-க்குப் புறப்படும் விமானம் காலை 6.00 மணிக்கு சிங்கப்பூர் போய்ச் சேர்வதாக டிக்கெட்டில் இருக்கிறது. அங்கிருந்து திரும்பும்போதோ, இரவு 8.30-க்குக் கிளம்பி 10.00 மணிக்கே சென்னை வந்துவிடுகிறது. போக ஆறே முக்கால் மணி, வர ஒன்றரை மணியா?

பதில்: டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. போகும்போது அதைக் கழியுங்கள்: 4 மணி 15 நிமிடம். வரும்போது கூட்டுங்கள்: 4 மணி. கணக்கு சரியாகிவிட்டது.

கேள்வி: தூரம் 2,900 கிலோமீட்டர் சொச்சம்தானே? மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம் என்றால் மூன்றரை மணியில் போய்விடலாமே?

பதில்: சுமார் 2,920 கிலோமீட்டர். அது உருண்டையான பூமியின் மேல் இரு விமான நிலையங்களுக்கும் நடுவே உள்ள மிகக் குறுகிய தூரம். சில இணையதளங்களில் 1,577 என்று இருக்கும், அது கடல் மைல் (ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்). 1,815 என்றிருந்தால் சாதாரண மைல். அலகைப் பார்க்காமல் வகுத்தால் விடை கந்தலாகிவிடும்.

850 என்பது உச்சியில் பறக்கும் வேகம். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு சுமார் 460 கிலோமீட்டர்தான் வரம்பு. 35,000 அடிக்கு ஏறவே இருபது நிமிடம் போல ஆகும். இறக்கமும் இருநூறு கிலோமீட்டருக்கு முன்பே தொடங்கிவிடும். டிக்கெட் நேரமோ, விமானம் நிற்குமிடத்திலிருந்து நகர்வதில் தொடங்கி, போன ஊரில் போய் நிற்பதில் முடிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதில் சேர்த்திதான். எனவே தூரத்தை 850-ஆல் வகுத்து 40 நிமிடம் கூட்டுங்கள். இங்கே 3 மணி 26 நிமிடத்தோடு 40 சேர்ந்தால் 4 மணி 6 நிமிடம். டிக்கெட்டுக்கு வெகு அருகில் வந்துவிட்டோம், பாருங்கள்!

கேள்வி: லண்டன் – நியூயார்க் போக எட்டு மணி, வர ஏழு மணி என்கிறார்களே?

பதில்: காற்றுதான் காரணம். அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் இன்னும் பலமாக. தூரம் 5,550 கிலோமீட்டர், விமானத்தின் வேகம் 900, காற்று 150 என்று வைத்துக்கொள்வோம். காற்றோடு போனால் 1,050 வேகத்தில் 5 மணி 17 நிமிடம். எதிர்த்துப் போனால் 750 வேகத்தில் 7 மணி 24 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் போக வர 12 மணி 20 நிமிடம். காற்று இருந்தால் 12 மணி 41 நிமிடம். ஒரு பக்கம் மிச்சமாவது மறுபக்கம் அப்படியே ஈடாகிவிடும் என்று நினைப்பது தவறு: எதிர்க்காற்றில்தான் அதிக நேரம் பறக்க வேண்டியிருக்கிறது. 2020 பிப்ரவரியில் பலத்த காற்றின் தயவில் நியூயார்க்கிலிருந்து ஒரு பயணி விமானம் ஐந்து மணி நேரத்துக்குள்ளேயே லண்டன் சேர்ந்தது.

கேள்வி: டிக்கெட் வாங்கும்போது வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: லண்டனுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் குளிர்காலத்தில் ஐந்தரை மணி, மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி. சேரும் நேரத்தின் பக்கத்தில் ‘+1’ என்றிருந்தால் மறுநாள் என்று பொருள். பலர் விமானத்தைத் தவறவிடுவது 00.30 போன்ற நேரங்களில். 15-ஆம் தேதி 00.30 என்றால் 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.