சர்க்கரை சேர்மம் என்றால் நாட்டுச்சர்க்கரை ஏன் கலவை?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், ‘சேர்மத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு தருக’ என்ற கேள்விக்கு ‘நாட்டுச்சர்க்கரை’ என்று எழுதினாள்; மதிப்பெண் கிடைக்கவில்லை. சர்க்கரை சேர்மம் என்றுதானே பாடத்தில் இருக்கிறது? சர்க்கரைத் தண்ணீர் சேர்மமா, கலவையா என்பதிலும் அவளுக்குக் குழப்பம். எப்படி விளக்குவது?
– வாசகி, கவுந்தப்பாடி

பதில்: உங்கள் மகளைச் சறுக்க வைத்தது ஊர்ப் பேச்சு. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே சர்க்கரை அனுப்பும் ஊர் உங்களுடையது. அங்கே சர்க்கரை என்றால் பழுப்பாக இருப்பதுதான். வெள்ளையைப் பெரியவர்கள் ‘அஸ்கா’ என்பார்கள். பாடநூல் சொல்வதோ அந்த வெள்ளையை, அதாவது சுக்ரோஸை. கார்பன், ஹைட்ரஜன் போன்ற தனிமங்கள் மாறாத விகிதத்தில் வேதிமுறையில் இணைந்தால் சேர்மம்; வெவ்வேறு பொருள்கள் எந்த அளவிலும் கூடிக் கிடந்தால் கலவை.

சுக்ரோஸ் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன் அணுக்கள். கரும்பிலிருந்து எடுத்தாலும், குளிர்நாடுகளில் விளையும், பீட்ரூட் இனத்தைச் சேர்ந்த சர்க்கரைக் கிழங்கிலிருந்து எடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. 100 கிராமில் கார்பன் ஏறத்தாழ 42 கிராம். எங்கே வாங்கினாலும் அதே 42தான். சேர்மத்துக்கு இப்படியொரு கண்டிப்பு உண்டு என்பதை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு வேதியியலாளர் ஜோசப் புரூஸ்ட் சோதனைகளால் காட்டினார்.

நாட்டுச்சர்க்கரையிடம் அந்தக் கண்டிப்பைத் தேடாதீர்கள். விடுமுறையில் மகளைப் பக்கத்துக் கரும்பாலைக்கு அழைத்துப் போங்கள். கொப்பரையில் சாறு கொதிக்கும்போது சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். சாற்றின் புளிப்பு தணிந்து அழுக்கு திரண்டு மேலே வருகிறது. அதை அரித்து எடுக்கிறார்கள். தண்ணீர் ஆவியாகிப் பாகு இறுகுகிறது. ஆனால் சாற்றில் இருந்த தாது உப்புகள், கொஞ்சம் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சிறிது ஈரம் எல்லாம் சுக்ரோஸோடு சேர்ந்தே தங்கிவிடுகின்றன. எது எவ்வளவு என்பது காட்டுக்குக் காடு வேறு. உப்புத் தண்ணீர் பாய்ந்த வயலின் சர்க்கரை நாக்கில் கரிக்கும். நாள்பட்ட கரும்பில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கூடும். சேர்மம் என்றால் இப்படி ஆளுக்கொரு ருசி காட்டாது.

வீட்டிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. ஐப்பசி மழையில் நாட்டுச்சர்க்கரை டப்பாவைத் திறந்து பாருங்கள், நசநசவென்று கட்டி பிடித்திருக்கும். காற்றின் ஈரத்தை இழுப்பதில் முக்கியப் பங்கு அந்த ஃபிரக்டோஸுக்கு. பக்கத்து டப்பாவில் வெள்ளைச் சர்க்கரை பெரும்பாலும் உதிரியாகவே கிடக்கும்.

சேர்மத்துக்குள் தனிமங்கள் இருப்பதையும் காட்டலாம். இதை நீங்களே செய்யுங்கள். உருகிய சர்க்கரை கையில் பட்டால் வெந்நீரைவிட மோசமாகச் சுடும். பழைய எவர்சில்வர் கரண்டியில் கொஞ்சம் வெள்ளைச் சர்க்கரையை எடுத்துத் தீயில் காட்டுங்கள். உருகும், பொன்னிறமாகும், பிறகு புகைந்து கறுக்கும். நடுவில் குளிர்ந்த தட்டு ஒன்றை மேலே பிடித்தால் அதில் நீர்த்துளி படியும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தண்ணீராகக் கிளம்புகின்றன. கரண்டியில் ஒட்டிய கரி பெரும்பாலும் கார்பன் என்ற தனிமம். அந்தக் கரி இனிக்காது, கரையாது, அதிலிருந்து சர்க்கரையைத் திரும்பப் பெறவும் முடியாது. (கரண்டியைத் தேய்க்கும் வேலை தனி.)

சர்க்கரைத் தண்ணீர் கலவைதான். கண்ணுக்கு ஒரே சீராகத் தெரிவதால் ஒருபடித்தான கலவை என்பார்கள். அரைக் கரண்டி போட்டாலும் ஐந்து கரண்டி போட்டாலும் கரைகிறதே, அந்தத் தாராளம் சேர்மத்துக்குக் கிடையாது. தண்ணீரை ஆவியாக்கினால் சர்க்கரை சர்க்கரையாகவே மிஞ்சும். உப்புத் தண்ணீரில் இதைச் செய்து பார்ப்பது இன்னும் எளிது. திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சவ்வில் வடிகட்டி, மிச்சத்தை ஆவியாக்கி, உப்பை எடுத்து மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்புவதும் இந்த வித்தைதான். ஆனால் சமையல் உப்பைச் சோடியம், குளோரின் என்று உடைக்க இப்படி ஆவியாக்கும் கொதிகலனால் ஆகாது. உருக்கி மின்சாரம் பாய்ச்ச வேண்டும்.

அடுத்த தேர்வில் ‘சுக்ரோஸ்’ என்று எழுதச் சொல்லுங்கள். பெயர் மறந்தால் ‘வெள்ளைச் சர்க்கரை’ போதும்.