திட்டினால் மார்க் ஏறுமா? ஒரு தந்தைக்குப் பதில்

ஆத்தூரிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம்-உயிரியல் பிரிவில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். நீட் தேர்வை இரண்டு முறை எழுதியும் இடம் கிடைக்கவில்லை. விடுதியோடு சேர்ந்த பயிற்சி மையம் ஒன்றில் மூன்றாவது முறைக்கு முன்பணம் கட்டப்போகிறார். பெண்ணின் தாய்மாமாவும் அதைத்தான் வற்புறுத்துகிறாராம். பெண் மறுக்கிறாள். மறுத்ததோடு விடாமல், "நீங்கள் திட்டுவதால் என் மார்க் ஏறவில்லை" என்று நோட்டில் கட்டம் போட்டுக் காட்டுகிறாள். "பெரியவர்களை எதிர்த்துக் கணக்குப் பேசுகிறாள், நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்" என்று முடித்திருக்கிறார். அந்த நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து இணைத்தும் இருக்கிறார். அதற்காக அவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

ஐயா, இரண்டு ஆண்டு உழைப்பும் பணமும் கைக்கு எட்டாமல் போனால் எந்தத் தகப்பனுக்கும் தூக்கம் வராது. உங்கள் கவலை நியாயமானது. ஆனால் அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை. புத்தி சொல்ல வேண்டிய ஆள் உங்கள் மகள் இல்லை.

என்ன செய்திருக்கிறாள் என்று நிதானமாகப் பாருங்கள். வாராந்திர மாதிரித் தேர்வு மதிப்பெண்களை வரிசையாக எழுதியிருக்கிறாள். மிகக் குறைந்த வாரங்களுக்கு எதிரே நீங்கள் திட்டியதைக் குறித்திருக்கிறாள். மிக உயர்ந்த வாரங்களுக்கு எதிரே நீங்கள் பாராட்டியதும் பிரியாணி வாங்கித் தந்ததும் இருக்கின்றன. திட்டுக்கு அடுத்த வாரம் பெரும்பாலும் ஏற்றம், பாராட்டுக்கு அடுத்த வாரம் பெரும்பாலும் இறக்கம். இதை நீங்களும் கண்ணால் கண்டிருக்கிறீர்கள். "பாராட்டினால் கெட்டுப்போகிறாள்" என்று நீங்கள் எழுதியதற்குக் காரணமே அதுதான். ஆனால் பக்கத்தின் அடியில் இன்னொரு வரிசை இருக்கிறது. கடைக்குச் சரக்கு எடுக்க நீங்கள் வெளியூர் போயிருந்த வாரங்கள் அவை. அப்போது திட்டும் இல்லை, பிரியாணியும் இல்லை. அந்த வாரங்களிலும் தாழ்ந்த மதிப்பெண் அடுத்து ஏறியிருக்கிறது, உயர்ந்தது அடுத்து இறங்கியிருக்கிறது.

வீட்டில் இரண்டு பகடைகள் இருந்தால் உருட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை 4 விழுந்தால் பகடைகளைத் திட்டுங்கள். அடுத்த உருட்டலில் அதைவிடக் கூடுதலாக விழ 36-க்கு 30 வாய்ப்பு. 10 விழுந்தால் பாராட்டுங்கள். அடுத்தது அதைவிடக் குறைய அதே 36-க்கு 30 வாய்ப்பு. பகடைக்குக் காது இல்லை. மகள் பகடை இல்லைதான், படிப்பும் திறமையும் மதிப்பெண்ணில் பெரும்பங்கு வகிக்கின்றன. இருந்தாலும் ஒவ்வொரு தேர்விலும் கொஞ்சம் அதிர்ஷ்டம் கலந்திருக்கும். மிக மோசமான வாரத்துக்குப் பின்னும் மிகச் சிறந்த வாரத்துக்குப் பின்னும் மதிப்பெண் தன் சராசரியை நோக்கித்தான் திரும்பும். பெற்றோர், பிள்ளைகள் உயரங்களை ஆராய்ந்த பிரான்சிஸ் கால்டன் இதை 1886-இல் எழுதிவைத்தார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிடச் சற்றுக் குள்ளமாகவே இருந்தார்கள். அதற்காக யாரும் அவர்களைத் திட்டவில்லை.

அவள் கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. திட்டு பயனற்றது என்று அந்தப் பக்கம் நிரூபிக்கவில்லை. வாரங்கள் குறைவு. நீங்கள் ஊரில் இல்லாத வாரங்கள் வேறு வகையிலும் மாறுபட்டிருக்கலாம். உண்மையை அறிய வேண்டுமானால், இந்த வாரம் திட்டுவதா வேண்டாமா என்பதை நாணயம் சுண்டித்தான் முடிவு செய்ய வேண்டும்.

சிரிக்காதீர்கள். சென்னையில் உயிர் போகும் நோய்க்கே அப்படித்தான் செய்தார்கள். காசநோயாளிகளுக்குச் சானடோரியம் என்ற தனி மருத்துவமனைதான் கதி, நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவும் இல்லாமல் நோய் ஆறாது என்று மருத்துவர்கள் நம்பிய காலம். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்தில் மருந்து, மற்றவர்களுக்கு நெரிசல் மிகுந்த வீட்டிலேயே அதே மருந்து. வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் ஆபத்து கூடவில்லை. 1959-இல் வெளியான அந்த முடிவு உலகமெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மருத்துவமனைக் கட்டிலிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர உதவியது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். மருந்தை எழுதிக் கொடுத்தவர் மருத்துவர். யாரை எந்தப் பக்கம் போடுவது, எத்தனை பேர் தேவை, வந்த வித்தியாசம் மெய்யா தற்செயலா என்பதையெல்லாம் சொன்னது புள்ளியியல்.

உங்கள் மகளுக்கு நான் காட்டும் வழி அதுதான், மருத்துவ ஆய்வுக்குப் பயன்படும் புள்ளியியலான உயிரிப் புள்ளியியல்.

அதற்கு முன் நீட் கணக்கை முடித்துவிடுவோம். "இரண்டாவது முறை குவாலிஃபை ஆகிவிட்டாள், இன்னும் ஒரு படிதான்" என்கிறார் தாய்மாமா. பொதுப் பிரிவுக்கான தகுதி எல்லை 50-ஆவது பெர்சென்டைல். எழுதியவர்களில் பாதிப்பேரை முந்தினாலே தகுதி வந்துவிடும். 2025-இல் எழுதியவர்கள் 22.09 லட்சம், தகுதி பெற்றவர்கள் 12.36 லட்சம். நாடு முழுவதும் எம்பிபிஎஸ் இடங்கள் 1.2 லட்சத்தை ஒட்டித்தான். அவற்றிலும் அரசுக் கல்லூரிகளில் இருப்பவை ஏறத்தாழ பாதி. தகுதி பெற்ற பத்துப் பேருக்கு ஓர் இடம் என்பதைப் போய் ஒரு படி என்று எப்படிச் சொல்வது? மாநில ஒதுக்கீடும் இனச்சுழற்சியும் இந்த விகிதத்தை ஓரளவு மாற்றும், தலைகீழாக்காது.

மூன்றாவது முறையில் இடம் பிடித்த, தாய்மாமாவுடைய நண்பரின் மகனைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அதே விடுதியில் அதே ஆண்டு மூன்றாவது முறை எழுதி வெறுங்கையோடு திரும்பியவர்கள் எத்தனை பேர்? அவர்கள் படம் எந்தப் பேனரிலும் இருக்காது. பயிற்சி மையங்கள் பின்னத்தின் மேல் எண்ணான தொகுதியை, அதாவது இடம் பிடித்தவர்களை, மட்டும் அச்சடிப்பார்கள்; கீழ் எண்ணான பகுதியை, அதாவது எழுதியவர்களை, சொல்ல மாட்டார்கள். பகுதி தெரியாத பின்னத்தை நம்பி முன்பணம் கட்டாதீர்கள்.

செலவு விஷயத்தில் என்னிடம் இரண்டாம் பேச்சு கிடையாது. இன்னும் ஓராண்டு விடுதி, அதன் பிறகும் கிடைக்காவிட்டால் நகையை அடகு வைத்து நிர்வாக ஒதுக்கீடு, அதுவும் முடியாவிட்டால் வெளிநாடு. நீங்கள் போட்டிருக்கும் வரிசை இது. வெளிநாட்டில் படித்துத் திரும்புபவர்களுக்கான தகுதித் தேர்வில் எழுதுபவர்களில் பெரும்பாலோர் தேறுவதில்லை. உங்களுக்கு இளையவன் ஒருவனும் இருக்கிறான். அவன் பங்கையும் சேர்த்து ஒரே சீட்டில் வைக்கும் உரிமை தாய்மாமாவுக்கு இல்லை.

இப்போது என் வழி. பொறியியல், நர்சிங், சிஏ பற்றிச் சொல்ல உங்கள் உறவினர்களே போதும்.

பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருப்பதால் பி.எஸ்சி. புள்ளியியலில் சேர அவளுக்குத் தடையில்லை (தாவரவியல், விலங்கியல் பிரிவில் படித்திருந்தால் இந்தக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும்). சென்னையில் மாநிலக் கல்லூரி, லயோலா, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி ஆகியவற்றில் இத்துறைக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் ஓராண்டுக் கட்டணம் உங்கள் பயிற்சி மையத்தின் ஒரு மாத விடுதிச் செலவைக்கூடத் தொடாது. அவள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவளாக இருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும்.

நிகழ்தகவு, மாதிரிக் கணிப்பு, கருதுகோள் சோதனை, சோதனை வடிவமைப்பு ஆகியவைதான் பாடத்தின் முதுகெலும்பு. கூடவே தரவைக் கணினியில் அலசப் பயன்படும் ஆர், பைத்தான் இரண்டையும் அவள் சொந்தமாகக் கற்க வேண்டும். இரண்டும் இலவச மென்பொருள்கள். பல கல்லூரிகளில் பாடத்தைத் தாளில் கணக்குப் போட வைப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள், உண்மையான தரவைத் தொட விடுவதில்லை. சேருமுன் அந்தத் துறையின் ஆய்வகத்தைப் போய்ப் பாருங்கள், மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் என்ன புராஜெக்ட் செய்தீர்கள் என்று கேளுங்கள்.

பட்டம் முடித்த பின் வேலூர் சிஎம்சியில் எம்.எஸ்சி. உயிரிப் புள்ளியியல் இருக்கிறது. இடங்கள் மிகக் குறைவு, ஆனால் மருத்துவமனைக்குள்ளேயே உட்கார்ந்து படிக்கலாம். அது கிடைக்காவிட்டால் எம்.எஸ்சி. புள்ளியியல் படித்து அதே துறைக்குள் நுழையலாம். ஒரு புதிய மருந்தை எத்தனை நோயாளிகளிடம் சோதிக்க வேண்டும், பாதியில் நிறுத்துவதா தொடர்வதா, பக்கவிளைவு கூடுகிறதா என்பதெல்லாம் இவர்கள் மேசைக்கு வரும் கேள்விகள். சென்னையிலேயே தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. பெங்களூரு, ஹைதராபாத், சென்னையில் மருந்துச் சோதனை நடத்தித் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே எஸ்ஏஎஸ் மென்பொருள் தெரிந்திருப்பது கூடுதல் பலம். ஆரம்பச் சம்பளம் உங்களை மலைக்க வைக்காது, அனுபவம் சேரச் சேரத்தான் உயரும்.

அரசு வேலைதான் நிம்மதி என்றால் அதே பட்டம் அங்கேயும் செல்லும். யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை 21 வயதிலிருந்து எழுதலாம். எஸ்எஸ்சி வழியாக இளநிலைப் புள்ளியியல் அலுவலர் பணி, டிஎன்பிஎஸ்சி வழியாக மாநிலப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறைப் பணிகள். எழுதுபவர்கள் இவற்றுக்கும் பல மடங்கு உண்டு, எளிது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். பெயரில் ‘டேட்டா சயன்ஸ்’ ஒட்டியிருக்கிறது என்பதற்காக நிர்வாக ஒதுக்கீட்டில் லட்சங்களைக் கொட்டாதீர்கள். அதன் அடிப்படை புள்ளியியல்தான், அதைக் குறைந்த செலவில் முறையாகக் கற்க முடியும்.

அவளையே கேளுங்கள், தாய்மாமா பக்கத்தில் இல்லாத நேரத்தில். எனக்கு இன்னும் மருத்துவராகத்தான் ஆசை என்று அவள் சொன்னால், பி.எஸ்சி. படித்துக்கொண்டே அடுத்த ஆண்டு நீட் எழுதட்டும். இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு இல்லை. கூடுதல் செலவு விண்ணப்பக் கட்டணம் மட்டும்தான், முன்பணம் கட்ட வேண்டியதில்லை.