கொழுப்பு மாத்திரை கிட்னியைக் கெடுக்குமா?

கேள்வி: எனக்கு 56 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.7, ஜி.எஃப்.ஆர். 47. மொத்தக் கொலஸ்டிரால் 210, எல்.டி.எல். 118, எச்.டி.எல். 34, டிரைகிளிசரைடு 290. கொழுப்பு போய் அடைத்துத்தான் கிட்னி கெட்டதா? டாக்டர் கொழுப்பைக் குறைக்க அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி. எழுதினார். அது கிட்னியை இன்னும் கெடுக்கும் என்று மச்சான் சொன்னதால் இரண்டு வாரமாக நிறுத்திவிட்டேன். அதற்குப் பதில் நாகர்கோவிலிலிருந்து மாமியார் அனுப்பும் பிலிம்பிக்காயைச் சாறெடுத்துக் காலையில் ஒரு டம்ளர் குடிக்கிறேன். சரிதானா?

பதில்: முதலில் அந்தச் சாறு. அதை இன்றே நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பிலிம்பியைக் கேரளத்தில் இரும்பன் புளி என்பார்கள். அங்கேயும் கொலஸ்டிராலுக்கு நல்லது என்று இதைப் பிழிந்து குடிக்கும் வழக்கம் உண்டு. அப்படிக் குடித்துத் திடீரென்று கிட்னி செயலிழந்த பத்துப் பேரைப் பற்றி 2013-இல் அங்குள்ள சிறுநீரக மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. காரணம், அந்தக் காயில் மிக அதிகமாக இருக்கும் ஆக்சலேட். அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் உப்புக்கல் போலப் படிந்து அடைக்கும். மீன் குழம்பில் புளிப்புக்கு எப்போதாவது இரண்டு காய் போடுவது வேறு, தினமும் டம்ளர் டம்ளராகச் சாறு குடிப்பது வேறு. அதுவும் ஜி.எஃப்.ஆர்., அதாவது வடிகட்டும் வேகம், ஏற்கெனவே 47-இல் நிற்கும் கிட்னிக்கு! இதன் பங்காளியான ஸ்டார் ஃப்ரூட்டையும் நீங்கள் தொடக்கூடாது. கிட்னி பலவீனமானவர்களுக்கு அது மூளை வரை போய் விக்கல், மனக்குழப்பம், வலிப்பு என்று படுத்தும்.

சரி, கொழுப்பு அடைத்துத்தான் கிட்னி கெட்டதா? உங்கள் விஷயத்தில் அப்படி இருக்க வாய்ப்புக் குறைவு. பத்து வருடச் சர்க்கரையும் பிரஷரும்தான் நான் முதலில் சந்தேகப்படும் ஆட்கள். கிட்னிக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து குறுகுவது உண்டுதான், ஆனால் அது வேறு கதை. கொழுப்பே கிட்னியை அரிக்கிறது என்ற கருத்து 1982-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. விலங்குகளில் அதற்கு ஆதாரமும் கிடைத்தது. அப்படியானால் கொழுப்பைக் குறைத்தால் கிட்னி பிழைக்க வேண்டுமல்லவா? 9,000-க்கும் மேற்பட்ட கிட்னி நோயாளிகளை வைத்து நடந்த ‘ஷார்ப்’ ஆய்வின் முடிவு 2011-இல் வந்தது. மாத்திரையால் எல்.டி.எல்., அதாவது கெட்ட கொலஸ்டிரால், நன்றாகவே குறைந்தது. ஆனால் டயாலிசிஸை நோக்கிப் போகும் வேகம் குறையவில்லை.

பெரும்பாலும் நடப்பது தலைகீழ். கிட்னி தளர்ந்தால் ரத்தக் கொழுப்பின் கணக்கு மாறுகிறது. நாம் சாப்பிடும் கொழுப்பும், மிஞ்சிய மாவுச்சத்திலிருந்து கல்லீரல் தயாரிக்கும் கொழுப்பும் ரத்தத்தில் மூட்டை மூட்டையாகப் போகின்றன. அந்த மூட்டையைப் பிரித்துத் தசைக்குக் கொடுக்க ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒரு நொதி இருக்கிறது. கிட்னி நோயில் அதன் வேகம் குறைந்துவிடும். கோயம்பேட்டில் லாரி வரிசையாக வந்து நிற்கிறது, சுமை இறக்க ஆளில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூட்டையில் இருக்கும் கொழுப்பான டிரைகிளிசரைடு ஏறுவது இப்படித்தான். கூடவே நல்ல கொலஸ்டிராலான எச்.டி.எல். இறங்கும். எல்.டி.எல். பார்ப்பதற்குச் சாதாரணமாகவே இருக்கும். உங்கள் ரிப்போர்ட் அச்சு அசலாக இந்த வார்ப்பில்தான் இருக்கிறது. இதில் சர்க்கரை நோய்க்கும் பங்குண்டு.

சிறுநீரில் புரதம் ஏராளமாக ஒழுகினால் படம் வேறு. இழந்ததை ஈடுகட்டக் கல்லீரல் ஓவர்டைம் பார்க்கும். அந்த மும்முரத்தில் கொழுப்பைச் சுமக்கும் துகள்களையும் சேர்த்து உற்பத்தி செய்யும். மொத்தக் கொலஸ்டிரால் 300, 400 என்று எகிறும். காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், கழிப்பறையில் தண்ணீர் ஊற்றியும் போகாத நுரை, கூடவே இப்படி ஒரு கொலஸ்டிரால் என்றால் எண்ணெயைக் குறை சொல்லாதீர்கள், சிறுநீரைச் சோதியுங்கள். நீங்கள் எழுதிய எண்களில் விட்டுப்போனதும் அதுதான்: சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியேட்டினின் என்ற கழிவுக்கும் உள்ள விகிதம். 30-க்குக் கீழே இருந்தால் நல்லது. உங்கள் கிட்னி எந்தப் பக்கம் போகிறது என்று எல்.டி.எல்.-ஐ விட அதுதான் தெளிவாகச் சொல்லும்.

பிறகு எதற்கு அட்டோர்வாஸ்டாட்டின் என்று கேட்பீர்கள். இதயத்துக்கு. கிட்னி பலவீனமானவர்களில் பலர் டயாலிசிஸ் வரை போவதற்கு முன்பே மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ சிக்குகிறார்கள். அதே ‘ஷார்ப்’ ஆய்வில் அடைப்பினால் வரும் பெரிய பாதிப்புகள் ஆறில் ஒரு பங்கு குறைந்தன. அதனால்தான் 50 வயது தாண்டிய, டயாலிசிஸ் தொடங்காத கிட்னி நோயாளிக்கு எல்.டி.எல். எண் எதுவானாலும் ஸ்டாட்டின் (அட்டோர்வாஸ்டாட்டின் இந்த வகைதான்) கொடுக்கச் சொல்கிறது சர்வதேச வழிகாட்டல். டயாலிசிஸ் தொடங்கியபின் புதிதாக ஆரம்பிப்பதில் பெரிய லாபம் தெரியவில்லை. முன்பே சாப்பிடுபவர்கள் தொடரலாம்.

அட்டோர்வாஸ்டாட்டின் பெரும்பாலும் கல்லீரல் வழியாகவே வெளியேறுகிறது. கிட்னி குறைந்தவர்களுக்கு அளவைக் குறைக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. அபூர்வமாகத் தசை சிதைந்து, சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போய், கிட்னி பாதிக்கப்படுவது உண்டு; காரணமில்லாத கடும் தசைவலி வந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். சளி, தொண்டைக்கு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதினால், ஸ்டாட்டின் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: இந்த மாத்திரைக்குப் பயப்படும் அதே மனிதர்கள்தான் மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி நாளுக்கு இரண்டாகப் போடுகிறார்கள். கிட்னியை நிஜமாகவே கெடுப்பது அது.

டிரைகிளிசரைடு 290-க்குத் தனி மருந்து வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குக் கொடுக்கும் ஃபீனோஃபைப்ரேட் கிரியேட்டினினை ஏற்றிக் காட்டும், அப்புறம் அதற்கு ஒரு பயம். 500-ஐத் தாண்டினால் கணைய அழற்சி அபாயம் இருப்பதால் யோசிக்கலாம். இப்போதைக்குச் சோற்றின் அளவைப் பாதியாக்குங்கள், இனிப்பையும் மதுவையும் விடுங்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். அந்த ரத்தம் கல்யாண விருந்துக்கு மறுநாள் கொடுத்ததாக இருந்தால், 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு இன்னொரு முறை கொடுத்துப் பாருங்கள். எண்ணெயை மாற்றுவதைவிட உப்பைக் குறைப்பது உங்கள் கிட்னிக்கு அதிக உதவி. ஆனால் கடையில் விற்கும் ‘குறைந்த சோடியம்’ உப்பு வேண்டாம். அதில் பொட்டாசியம் இருக்கும்.

இந்த வாரமே டாக்டரைப் பார்த்து மாத்திரையை மறுபடி தொடங்குங்கள். கிரியேட்டினினையும் இப்போதே ஒரு முறை எடுத்துவிடுங்கள். பிலிம்பிச் சாறு எத்தனை நாள், எவ்வளவு குடித்தீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.